இரு காதுக்கும் ஒரே கோடு

வீட்டில் அவள் பாப்பா. இசைக் கல்லூரியில் இடி. ட்ரம்ஸ் வாசிக்கிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? முதல் வருடம் முதல் வாரத்தில் பேஸ் கிட்டார்க்காரன் நெட்டை வைத்தது, மூன்றாம் வருடம் வரைக்கும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அவளுடைய சொந்தப் பெயருக்கு வேலை இல்லை. அவனுக்கு ஏன் நெட்டை என்று பெயர் என்பதை அந்தக் கட்டடத்தின் வாசற்படி நிலைகளைக் கேட்டால் சொல்லும்.

ராக்கும் பாப்பும் ஜாஸும் சொல்லித்தருகிற கல்லூரி அது. சேர்ந்த உடனேயே நான்கு நான்கு பேராகக் குழு பிரித்துவிடுவார்கள். மூன்று வருடமும் அதே நால்வர்தான், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். இடி, நெட்டை, ஊரையே திருத்திக்கொண்டிருப்பதால் வாத்தியார் என்று பெயர் வாங்கிய கீபோர்டுக்காரன், எல்லோரும் வந்து உட்கார்ந்து அலுத்த பிறகு வந்து சேர்வதால் மகாராணி என்று பெயர் வாங்கிய பாட்டுக்காரி. கடைசிப் பருவத்தில் இந்த நால்வரும் ஒன்றாக மேடையேறி முக்கால் மணி நேரம் வாசிக்க வேண்டும். அதுதான் பரீட்சை. மதிப்பெண்ணும் நால்வருக்கும் ஒன்றுதான்.

அவர்களுடைய பயிற்சி அறை அடித்தளத்தில் ஆறாம் நம்பர். ஜன்னல் கிடையாது. கையை உயர்த்தினால் கூரை. சுவரில் ஒட்டிய ஸ்பாஞ்சு உதிர்ந்து உதிர்ந்து, வாசித்து முடித்துத் தலையைத் தட்டினால் கறுப்புத் தூள் கொட்டும். ட்ரம்ஸில் இரட்டைச் சிம்பல் தட்டுகள் இடது பக்கம் இருக்கும், காதுக்கு ஒரு முழம் தள்ளி. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம், மூன்று வருடம். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு விடுமுறை நாள் காலையில்தான் அது ஆரம்பித்தது. பல் தேய்த்துக்கொண்டே சமையலறைக்கு வந்தவள், தண்ணீர் கொதித்து விசில் அடிக்கிறதே, அடுப்பை அணைக்கக் கூடாதா என்று அம்மாவைக் கேட்டாள். அடுப்பே இன்னும் பற்றவைக்கவில்லை என்றாள் அம்மா. பிறகு அவள் ஃப்ரிட்ஜில் காதை வைத்துப் பார்த்தாள். ட்யூப் லைட்டை அணைத்துப் பார்த்தாள். தெருவில் ஏதாவது வண்டி நிற்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். கடைசியில் இடது காதில் விரலை வைத்து அடைத்தாள். மற்ற சத்தமெல்லாம் நின்றது. அது மட்டும் நிற்கவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல முடியாததற்குக் காரணம் இருந்தது. மேடைப் பரீட்சைக்கு முன்னால் ஒவ்வொரு மாணவரும் காது பரிசோதனைச் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்று கல்லூரியில் விதி. காது சரியில்லை என்று வந்தால் மேடை கிடையாது. எழுத்துப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே இசை வரலாறு படித்துக் கட்டுரை எழுதிப் பட்டம் வாங்கலாம். மாணவர்களின் நன்மைக்காக என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தது. மாணவர்கள் அந்தப் பிரிவுக்குப் பிணவறை என்று பெயர் வைத்திருந்தார்கள். அங்கே போனவளுடைய இடத்துக்கு இரண்டாம் வருடத்திலிருந்து ஒருவரைப் பிடித்து உட்கார வைப்பார்கள். குழு நிற்காது.

வீட்டிலும் எப்படிச் சொல்வது? அப்பா லிப்ட் மெக்கானிக். மேளம் அடிக்க ஒரு காலேஜா, அதற்கு ஒரு பட்டமா என்று முதலில் ஆறு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தவர். பிறகு அவரே ஒருநாள் எங்கிருந்தோ பழைய கம்பளங்களைச் சுமந்து வந்து பின்னறைச் சுவர் நான்கிலும் ஆணி அடித்து மாட்டினார். இப்போதெல்லாம் லிப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுக்கிற நேரத்தில்கூட, பயப்படாதீர்கள், என் பெண் ட்ரம்ஸ் படிக்கிறாள் தெரியுமா என்று பேச்சுக் கொடுக்கிறாராம். “பாவம், அவங்க எங்க ஓடிப்போவாங்க? கேட்டுத்தானே ஆகணும்” என்பாள் அம்மா.

பரிசோதனை நாளன்று ஆஸ்பத்திரியிலிருந்து வேன் வந்து கல்லூரி வாசலில் நின்றது. வேனுக்குள் ஒரு ஆள் உட்காரும் அளவுக்குக் கண்ணாடி வைத்த கூண்டு. வெளியே மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு அம்மாள், வீங்கின காலைச் செருப்பிலிருந்து விடுவித்து மேலே தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு நாற்பத்திரண்டு பேர். இடி முப்பத்தெட்டாவது.

ஹெட்போனை மாட்டிவிட்டு, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள் அந்த அம்மாள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும், கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான். வேறு வேறு சுருதியில் வருகிற ஒவ்வொரு ஒலியும் படிப்படியாகச் சின்னதாகிக்கொண்டே போகும், எந்தப் படியில் காணாமல் போகிறது என்று பார்ப்பதுதான் பரிசோதனை. “பரீட்சை இல்லம்மா இது. தப்புன்னு ஒண்ணும் கிடையாது” என்று வேறு சொன்னாள்.

வலது காது முதலில். சத்தம், அழுத்தினாள். சத்தம், அழுத்தினாள். ஐந்தாவது தடவையிலேயே இடிக்குப் புரிந்துவிட்டது. சத்தம் ஒரு எண்ணிக்கை, அமைதி மூன்று எண்ணிக்கை. இடைவெளியை மாற்றி மாற்றித்தான் விட வேண்டும் என்று அந்த அம்மாளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஆனால் முப்பத்தெட்டாவது ஆள். கை களைத்துப்போனால் தானாகவே தாளத்துக்குள் விழுந்துவிடும். துணி துவைக்கிற கையும் அப்படித்தான், நடக்கிற காலும் அப்படித்தான். மூன்று வருடமாகக் காதுக்குள் கிளிக்கைப் போட்டுக்கொண்டு வாழ்ந்தவளுக்கு அதைக் கவனிக்காமல் இருப்பதுதான் கஷ்டம். கிளிக் என்றால், வாசிக்கிறவர்கள் வேகம் தப்பாமலிருக்கக் காதில் விடாமல் தட்டிக்கொண்டிருக்குமே, அது. கெட்ட எண்ணம் எதுவுமில்லாமலே மனசு குறித்துக்கொண்டது. முதல் ஒலி ஏழாவது படியில் மறைந்தது. இரண்டாவது எட்டாவதில். மூன்றாவதும் எட்டு.

பிறகு இடது காது. முதல் இரண்டு ஒலியும் கேட்டன. மூன்றாவது பாதியிலேயே தேய்ந்துபோயிற்று. அதற்குப் பிறகு வரவே இல்லை. அவளுடைய சொந்த விசில் மட்டும் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

சும்மா இருந்திருக்கலாம். கண்ணாடிக்கு வெளியே அந்த அம்மாள் தலை குனிந்திருந்தாள். இடியின் கட்டைவிரல் பட்டன்மேல் இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, அழுத்து. ஒன்று, இரண்டு, மூன்று, அழுத்து. எட்டாவது படியில் நிறுத்திக்கொண்டாள். அடுத்த ஒலிக்கு வலது காது எந்தப் படியில் நின்றதோ அந்தப் படி. அதற்கடுத்ததற்கும் அப்படியே. ஒரு இடத்தில்கூடக் கை தடுமாறவில்லை.

“இங்க பாரு அதிசயத்தை” என்றாள் அந்த அம்மாள், காதுக்கு ஒரு கோடாக மெஷின் வரைந்த தாளை நீட்டி. “ரெண்டு கோடும் ஒண்ணு மேல ஒண்ணு படுத்துக் கிடக்கு. இருபது வருஷமா எடுக்கிறேன், இப்படிப் பார்த்ததில்ல. உங்கம்மா ஸ்கேல் வெச்சு அளந்து பெத்தாங்களா?”

இடி சிரித்தாள். கீழே இறங்கியதும், வரிசையில் நின்ற அடுத்தவன் உள்ளே என்ன செய்வார்கள் என்று கேட்டான். ஒன்றுமில்லை, பட்டன் அழுத்துவதுதான் என்றாள்.

சான்றிதழ் கோப்புக்குப் போயிற்று. நகலை அப்பா வாங்கிப் படித்துவிட்டு அலமாரிக் கண்ணாடியில் சொருகி வைத்தார். கையெழுத்தும் முத்திரையும் சரியாக இருக்கிற தாளைக் கண்டால் அவருக்கு ஒரு மரியாதை. லிப்டைச் சோதித்துப் பார்த்துவிட்டுச் சரி என்று அட்டை மாட்டுகிற தொழில்.

காகிதத்தில் காது சரியாகிவிட்டது. ஆறாம் நம்பர் அறையில் ஆகவில்லை. மேடைக்குப் பழக வேண்டுமென்று நால்வரும் காதுக்குள் செருகுகிற சின்ன ஸ்பீக்கர்களை மாட்டிக்கொண்டுதான் இப்போது வாசித்தார்கள். ட்ரம்ஸ்காரிக்கு ஒரு காதில் கிளிக், இன்னொன்றில் மற்ற மூன்று பேர். கிளிக் தப்பினால் எல்லாம் போயிற்று என்று அதை நல்ல காதுக்கு மாற்றிக்கொண்டாள். மூன்று பேரும் இடது காதுக்குப் போனார்கள், கிணற்றுக்குள் விழுந்தவர்கள் மாதிரி. எல்லாவற்றையும் வலது காதிலேயே போட்டும் பார்த்தாள். கிளிக் மற்றவர்களை விழுங்கிவிட்டது. கடைசியில் இடுப்பில் மாட்டிய பெட்டியில் இடது காதுக்கான திருகை ஏற்றினாள். நான்கிலிருந்து ஆறு. ஆறிலிருந்து எட்டு. அதற்கு மேல் பத்துதான் உண்டு.

ஒருநாள் பாட்டின் நடுவில் நெட்டை வாசிப்பதை நிறுத்தினான். அவள் இன்னும் எட்டுச் சுற்று வாசித்த பிறகுதான் அது தெரிந்து நிறுத்தினாள். வாத்தியாரும் மகாராணியும் டீ குடிக்கப் போகிற மாதிரி நைசாக வெளியே போய்விட்டார்கள்.

“நாலு நாளா உன் பின்னாடியே ஓடுறேன் இடி. நீ திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கிற.”

“கிளிக் போற வேகத்துலதானேடா போறேன்.”

“கிளிக்கையே கட்டிக்க, போ. நாங்க மூணு பேரும் விருந்தாளிங்க, பாத்துட்டுப் போறோம்.”

அவள் சிம்பலின் திருகை முறுக்கினாள். முறுக்க வேண்டிய அவசியமே இல்லை. அவன் கிட்ட வந்து குனிந்தான். குனிந்தும் அவள் தலைக்கு மேலேதான் இருந்தான்.

“காதுல ஏதாவது பிரச்சினையா?”

“சர்டிஃபிகேட் பாக்கலையா? ரெண்டு கோடும் ஒண்ணா இருக்கு.”

“பாத்தேன். அதனாலதான் கேக்குறேன்.”

மகாராணி உள்ளே வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். ஆனால் மதிப்பெண் அவனுக்கும் சேர்த்துத்தானே.

பரீட்சையன்று திருகு பத்தில் இருந்தது. முன்வரிசையில் மூன்று நடுவர்கள், இரண்டாம் வரிசையில் அப்பாவும் அம்மாவும். அப்பா சட்டையை இஸ்திரி போட்டிருந்தார். பின்னால் சவுண்டு மேசையில் ஒலிப்பதிவுப் பிரிவைச் சேர்ந்த ஒரு பெண், இடிக்கு ஒரு வருடம் இளையவள். இரண்டு பாட்டு ஒழுங்காகப் போயிற்று. மூன்றாவதில் மகாராணிக்குக் குஷி பிறந்துவிட்டது. மேடையை விட்டு இறங்கக் கூடாது என்று தலைபாடாக அடித்துக்கொண்டு சொல்லியிருந்தும், மைக்கோடு படியிறங்கிப் பெரிய ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் போய் நின்றாள்.

மைக் ஊளையிட்டது. அரங்கத்தில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். நெட்டையும் வாத்தியாரும் காதிலிருந்ததைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தலையை உதறிக்கொண்டு தொடர்ந்து வாசித்தார்கள். அவர்களுடைய பெட்டியில் திருகு நான்கில் இருந்தது. மேசைப் பெண் இரண்டு விநாடிக்குள் மைக்கை அணைத்துவிட்டாள்.

இடிக்கு அந்த இரண்டு விநாடியும் சத்தமாகவே தெரியவில்லை. மண்டைக்குள் யாரோ கம்பியை விட்டு இழுத்த மாதிரி இருந்தது. பிறகு இடது பக்கம் ஒன்றுமே இல்லை. நெட்டை, வாத்தியார், மகாராணி, யாருமே இல்லை. வலது காதில் கிளிக் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பிடித்துக்கொண்டு மீதி இருபத்தெட்டு நிமிடத்தையும் வாசித்து முடித்தாள்.

அவ்வளவு பெரிய ஊளை வந்தும் தாளம் மயிரிழைகூட நகரவில்லை என்று நடுவர்கள் பாராட்டினார்கள். அந்த வருடத்திலேயே அதிக மதிப்பெண். மகாராணி கட்டிப்பிடித்துக்கொண்டு இடது காதில் என்னவோ சொன்னாள். இடி ஆமாம் ஆமாம் என்றாள்.

மறுநாள் காலையில் அம்மா கூப்பிட்டாள், கதவைத் தட்டினாள், உள்ளே வந்து தோளைத் தொட்டாள். வலது காது தலையணையில் அழுந்தியிருந்தது. தொட்டதும் அவள் அலறின அலறலில் அப்பா சவரக்கத்தியோடு ஓடிவந்தார். பத்து மணிக்கு மூவரும் காது டாக்டரம்மாவின் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள்.

டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தாள். தட்டினால் ரீங்கரிக்கிற இரும்புக் கவையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள். அப்பா நீட்டிய சான்றிதழையும் வாங்கிப் பார்த்தாள். பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் இவ்வளவு சுத்தமாக இருந்த காது, பழைய சேதம் எதுவுமே இல்லை, நேற்று ஒரே அடியில் விழுந்திருக்கிறது. அப்படி விழுந்த காது ஏறி வர நல்ல வாய்ப்பு உண்டு, இன்றைக்கே மாத்திரையை ஆரம்பித்துவிடலாம் என்றாள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

அப்பாவுக்குச் சாய நேரமில்லை. சவுண்டு மேசையில் இருந்த அந்தப் பெண்ணை விடுவதாயில்லை என்றார். இன்றைக்கே கல்லூரிக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்து, அவளை அந்தப் படிப்பை விட்டே அனுப்ப வைக்கிறேன் என்றார். “முந்தின தேதியில காது சரியா இருந்ததுக்குப் பேப்பர் இருக்கு. முத்திரை இருக்கு. என்ன பதில் சொல்லுவாங்க?”

இடி அவர் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, அந்தப் பேப்பர் பொய்.”

அவருக்குப் புரியவில்லை. ஆஸ்பத்திரி முத்திரை அம்மா இது, பொய்யாக எப்படி இருக்கும் என்றார்.

“எனக்குக் கேக்கல. எண்ணி அழுத்தினேன். அந்தம்மா மூணு எண்ணிக்கைக்கு ஒரு தடவை விட்டாங்க. வலது காது எங்க நின்னுச்சோ அங்க நிறுத்திட்டேன்.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். தாளைத் திரும்ப வாங்கி, ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்த இரண்டு கோட்டையும் விரலால் தடவிப் பார்த்தாள். எந்த ஒலியிலிருந்து எண்ணினாய் என்று கேட்டாள். மூன்றாவதின் பாதியிலிருந்து. எத்தனை மாதமாகக் கேட்கவில்லை? விசில் வந்து எட்டு மாதம், கேட்காமல் போனது எப்போது என்று சரியாகத் தெரியாது.

“மாத்திரை குடுக்கிறேன்” என்றாள் டாக்டரம்மா. குரலில் கோபமில்லை, அதுதான் பயமாக இருந்தது. “ஆனா எது பழசு, எது நேத்து போனதுன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது. பழசு திரும்பாது. நேத்துப் போனது கொஞ்சம் திரும்பலாம். எவ்வளவுன்னு எங்கிட்டக் கேக்காதீங்க.”

“அடுப்பை அணைக்கச் சொன்னியே, அன்னிக்கா?” என்றாள் அம்மா. அவள் தலையசைத்தாள். அம்மா, எட்டு மாதத்தையும் ஒவ்வொரு நாளாகப் பின்னால் போய்த் தேடுகிறவள் மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா தாளை நான்காக மடித்தார். பையில் வைக்கவில்லை. எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

“வாசிக்கணும்னு ஆசையா இருந்துச்சுப்பா” என்றாள் அவள்.

“தெரிஞ்சே அட்டை மாட்டியிருக்கே பாப்பா” என்றார் அவர், ரொம்பத் தாழ்ந்த குரலில். அவளுடைய வலது பக்கம் அவர் உட்கார்ந்திருந்ததால் அது கேட்டது.

மேடை வாசிப்பெல்லாம் இனி வேண்டாம், மிச்சமிருக்கிற காதையாவது பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். முதலில் ஒரு உண்மையான பரிசோதனை வேண்டும், உடனே எடுத்துவிடலாம் என்றாள். தானும் உள்ளே நிற்கிறேன் என்றார் அப்பா. அப்படியெல்லாம் வழக்கமில்லை என்றார்கள். அவர் கேட்டுக்கொண்டே நின்றார். கடைசியில், பேசக் கூடாது, அசையக் கூடாது என்று சொல்லி உள்ளே விட்டார்கள்.

அங்கே இருந்த பரிசோதனைக் கூண்டிலும் இரண்டு பேருக்கு இடமில்லை. அவர் ஸ்பாஞ்சு ஒட்டிய சுவரில் முதுகைச் சாய்த்து, தலையைக் குனிந்து, மகளுடைய கையையே பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே மெஷினில் இருந்தவள் இளம் வயசுக்காரி, கறாரானவள். இடைவெளி ஒரு சமயம் இரண்டாக இருந்தது, ஒரு சமயம் ஏழாக இருந்தது. வலது காதுக்குக் கட்டைவிரல் போய்ப் போய் அழுத்தியது. ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் அப்பா தலையை லேசாக ஆட்டினார், தானும் கேட்ட மாதிரி.

பிறகு வெளியே இருந்தவள் இடது பக்கம் என்று கையால் காட்டினாள். கண்ணாடி வழியாக அவளுடைய முழங்கை அசைவது தெரிந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்று இடி கண்ணை மூடிக்கொண்டாள். எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள். எண்ணாமல் இருக்கத் தெரியவில்லை. விரலை மட்டும் அப்படியே வைத்திருந்தாள்.

ரொம்ப நேரம் கழித்து முழங்காலில் ஒரு கை பட்டது. கண்ணைத் திறந்தாள். அப்பா குனிந்து அவள் முகத்துக்கு நேராக என்னவோ கேட்டார். ஹெட்போனுக்குள் எதுவும் வரவில்லை. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். இன்னும் ஆரம்பிக்கலையாம்மா என்று கேட்கிறார்.

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். அந்தப் பெண் அழுத்திக்கொண்டுதான் இருந்தாள்.

“ஆரம்பிச்சு நேரமாச்சுப்பா” என்றாள்.